மனநலப் பராமரிப்பில் மருத்துவப் பதிவேடுகளின் பங்கு

மனச்சிதைவு, இருமுனை மனநிலைக் கோளாறு முதலிய தீவிர மனநோய்களுக்குப் பெரும்பாலும் நீண்டகாலச் சிகிச்சை தேவை. சற்றுக் குணம் கண்டவுடன் மருந்தை நிறுத்துவோர் பலர். நோய் மீண்டும் தலைதூக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும். எனவே, மருத்துவமனைக்கு வருபவரைக் காட்டிலும் வராது நின்றுவிட்டவரே அதிகக் கவனத்துக்கு உரியவர். அவரை இனங்காட்ட வல்லது பதிவேடே.

நம் நாட்டில் தேசிய மனநலத் திட்டம் 1982-இல் தொடங்கப்பட்டது. பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் நிறுவனம் பெற்ற அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு, 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் உருவாயிற்று. 12 மாநிலங்களில் 2015-16-இல் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் சுமார் 0.8 சதவீதத்தினர் தீவிர மனநோயுடன் வாழ்ந்து வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை.

கணக்கிடும் முறை

வயது வந்தோர் 10 லட்சம் பேர் உள்ள ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். மேற்கண்ட விகிதப்படி அங்கு 8,000 நோயாளிகளை எதிர்பார்க்கலாம். பதிவேட்டில் 2,000 பேர் மட்டுமே உள்ளனர் எனவும், அவர்களில் 1,200 பேரே கடந்த மூன்று மாதங்களில் வந்துள்ளனர் எனவும் கொள்வோம். அப்படியாயின், திட்டம் எட்டாதவர் 6,000 பேர். தொடர்பு விட்டுப்போனவர் 800 பேர். முன்னவரைக் கண்டறிய வேண்டும். பின்னவரைத் தேடிச் செல்ல வேண்டும். மாதாந்திர வருகை எண்ணிக்கையை மட்டும் அனுப்பும் அறிக்கையில் இவ்விரு குறைகளும் மறைந்துவிடும். ஒருவரே பன்னிரண்டு முறை வந்தாலும் அது பன்னிரண்டு என்றே கணக்காகும்.

பதிய வேண்டியவை

கடைசியாக வந்த நாள், கொடுத்த மருந்து, அது எத்தனை நாளுக்குப் போதும், அடுத்து வரவேண்டிய நாள் ஆகிய நான்கும் இன்றியமையாதவை. தவணை கடந்தவர்களின் பட்டியலை வாரந்தோறும் எடுத்து, அவர்களுடன் தொடர்பு கொள்ள வேண்டும். வராமைக்கான காரணத்தையும் குறிப்பது அவசியம். பேருந்துச் செலவும் கூலி இழப்பும் ஒரே வட்டாரத்திலிருந்து திரும்பத் திரும்பப் பதிவானால், நோயாளியைக் குறைகூறுவதில் பயனில்லை. மருந்தை அவ்வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வழங்க ஏற்பாடு செய்வதே முறை.

உடல்நலக் குறிப்புகளும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. தீவிர மனநோயாளர் பொதுமக்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. லித்தியம் உட்கொள்வோருக்குச் சிறுநீரகம், தைராய்டு பரிசோதனைகளும், குளோசபின் பெறுவோருக்கு வெள்ளணுக் கணக்கும் தவறாது செய்யப்பட வேண்டும். பரிசோதனைத் தேதி பதிவேட்டில் இருந்தால்தான் தவறியது தெரியவரும்.

இரகசியம் காத்தல்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நோயாளியின் விவரங்களுக்கு இரகசியப் பாதுகாப்பையும், தம் மருத்துவக் குறிப்புகளைப் பெறும் உரிமையையும் அளிக்கிறது. ஆகவே, மேலிடத்துக்கு எண்கள் மட்டுமே செல்ல வேண்டும். பெயர்கள் சிகிச்சைக் குழுவிடமே இருத்தல் வேண்டும். தேடிச் செல்லும் பணியாளரால் நோய் ஊரறியச் செய்தியாகிவிட்டால், அக்குடும்பம் மறுமுறை கதவைத் திறக்கத் தயங்கும்.

பதிவேடு கணினியில் உள்ளதா, தாளில் உள்ளதா என்பது இரண்டாம்பட்சமே. இந்த வாரம் மருந்து தீர்ந்தவர் யார் என்ற வினாவுக்கு அது விடை தருகிறதா என்பதே அதன் பயனை அளக்கும் அளவுகோலாகும்.