பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா?

நம் நாட்டில் 18 வயது நிறைந்த குடிமக்களுக்கு வாக்குரிமை உண்டு. ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடும் இல்லை. எல்லோருக்கும் ஒரு வாக்கு. எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பு. அரசியல் சட்டத்தின் 326-ஆவது பிரிவு இந்த உரிமையைத் தருகிறது.

சட்டமன்ற உறுப்பினரை நாம் தேர்ந்தெடுக்கிறோம். சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்றவர்கள் மாநில அரசை அமைக்கிறார்கள். மக்களவை உறுப்பினரையும் நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். அங்கே பெரும்பான்மை பெற்றவர்கள் மத்திய அரசை அமைக்கிறார்கள். ரேஷன் அரிசி, பள்ளிக்கூடம், சாலை, மருத்துவமனை என்று பலவும் இவர்கள் எடுக்கும் முடிவைப் பொறுத்தவை.

ஆனால் 18 வயது நிறைந்தால் மட்டும் போதுமா? போதாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பெயர் இல்லை என்றால் வாக்கும் இல்லை.

முதல் தேர்தலில் நடந்தது

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கியது. 1952 பிப்ரவரியில் முடிந்தது. 17 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாக்காளர்கள். அப்போது 100 பேரில் சுமார் 18 பேருக்குத்தான் எழுத்தறிவு இருந்தது. பெண்களில் 100-க்கு 9 பேருக்குத்தான் இருந்தது.

எழுத்தறியாதவர்கள் எப்படி வாக்களிப்பார்கள்? அதற்கு ஒரு வழி செய்தார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்தார்கள். பெட்டியின் மேல் அவருடைய சின்னத்தை ஒட்டினார்கள். சின்னத்தைப் பார்த்து, சீட்டைப் பெட்டியில் போட்டால் போதும்.

ஆனால் வேறொரு தடை வந்தது. பட்டியல் எழுத அலுவலர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். பல வீடுகளில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. அந்நியரிடம் பெயர் சொல்வது வழக்கமில்லை என்று நினைத்தார்கள். "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாய்" என்றே சொன்னார்கள். பட்டியலிலும் அப்படியே எழுதப்பட்டது.

இது சரியல்ல என்றது தேர்தல் ஆணையம். அப்போது சுகுமார் சென் தலைமைத் தேர்தல் ஆணையர். ஒவ்வொரு பெண்ணும் தன் சொந்தப் பெயரில்தான் பதிவாக வேண்டும் என்று ஆணையம் கூறியது. பெயரைத் திருத்த பீகாரில் ஒரு மாதம் கூடுதல் அவகாசமும் தரப்பட்டது. அப்படியும் நாடு முழுவதும் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. இவர்களில் பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களைச் சேர்ந்தவர்கள்.

எழுத்தறியாமை அவர்களைத் தடுக்கவில்லை. சொந்தப் பெயரைச் சொல்லாததுதான் தடுத்தது.

காலம் மாறியது. 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்த பெண்களின் விகிதம் ஆண்களின் விகிதத்தைவிடச் சற்று அதிகம்.

இன்றும் கவனம் தேவை

2025-இல் பீகாரில் பட்டியல் முழுவதும் திருத்தப்பட்டது. ஆகஸ்டில் வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், வெளியூர் சென்றவர்கள், இரண்டு இடங்களில் பதிந்தவர்கள் என்று காரணம் கூறப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. விடுபட்ட பெயர்களைக் காரணத்துடன் வெளியிடும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஏன் அப்படி உத்தரவிட்டது? தன் பெயர் விடுபட்டது தெரிந்தால்தானே ஒருவர் மீண்டும் சேர்க்கும்படி கேட்க முடியும்?

நாம் என்ன செய்யலாம்?

வரைவுப் பட்டியல் வந்ததும் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கேட்டுப் பார்க்கலாம். 1950 என்ற எண்ணுக்கும் தொலைபேசியில் கேட்கலாம்.

பெயரைப் புதிதாகச் சேர்க்கப் படிவம் 6 கொடுக்க வேண்டும்.

பெயர், வயது, முகவரி தவறாக இருந்தால் படிவம் 8 கொடுக்க வேண்டும். திருமணமாகி வேறு ஊருக்குப் போன பெண்களும், பிழைக்கப் போன இடத்திலேயே குடியேறியவர்களும் இதே படிவத்தைக் கொடுக்கலாம்.

தவறாகப் பெயரை நீக்கிவிட்டால் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

தேர்தல் நாள் வரை காத்திருக்கக் கூடாது. வேட்பு மனு தாக்கல் முடிந்த பிறகு, அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது.

வாக்காளர் அட்டை கையில் இருக்கிறது, ஆனால் பட்டியலில் பெயர் இல்லை. அப்போது வாக்களிக்க முடியாது. பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆனால் அட்டை தொலைந்துவிட்டது. அப்போது ஆதார் அட்டை போன்ற வேறு சான்றைக் காட்டி வாக்களிக்கலாம்.

யோசித்துச் சொல்லுங்கள்

1. முதல் தேர்தலில் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் ஏன் நீக்கப்பட்டன?
2. அட்டை, பட்டியல் இரண்டில் எது முக்கியம்? ஏன்?
3. உங்கள் தெருவில் 18 வயது நிறைந்தும் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் யார் யார்?

செய்து பாருங்கள்

உங்கள் வாக்குச்சாவடிப் பட்டியலை வாங்கி, குழுவாக உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். உங்கள் பெயரை நீங்களே கண்டுபிடியுங்கள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரரின் பெயரையும் தேடிக் கொடுங்கள். பெயர் விடுபட்டிருந்தால் படிவத்தை நிரப்ப உதவுங்கள். நீங்கள் கற்ற எழுத்து அவருக்கு வாக்கு வாங்கித் தரும்.