சுற்றுலாவுக்குப் போகாத பையன்

அன்புள்ள தம்பிக்கு,

கைப்பிரதி கிடைத்தது. ஒரே மூச்சில் படித்துவிட்டேன். கடைசி இரண்டு பக்கங்களைத் தவிர மற்றதெல்லாம் பிடித்திருக்கிறது. அந்த இரண்டு பக்கங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சிறார்களுக்காக நடப்பு வாழ்க்கையை எழுத வருகிறவர்களில் பலரும் அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கதையில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். மகாபலிபுரம் சுற்றுலாவுக்கு 350 ரூபாய் கட்ட வேண்டும். அப்பாவுக்கு இரண்டு வாரமாக வேலை இல்லை. அம்மாவின் கம்மல் அடகுக் கடையில் இருக்கிறது. பையன் வீட்டில் வாயே திறக்கவில்லை. வகுப்பில் பெயர் கேட்கும்போது எழுந்து நின்று, “எனக்கு பஸ்ல போனா வாந்தி வரும் சார்” என்கிறான்.

இந்த வரி எங்கிருந்து வந்தது உங்களுக்கு? இல்லாமையைப் பிள்ளைகள் இப்படித்தான் மறைப்பார்கள். பெரியவர்கள் கையில் காசில்லை என்றால் தவணை கேட்பார்கள், கடன் சொல்வார்கள். பிள்ளைகளோ அந்தப் பொருளே தங்களுக்குப் பிடிக்காது என்று சொல்லிவிடுவார்கள். இதைப் பிடித்தவருக்கு எழுத்து கைவந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிறகு என்ன செய்துவிட்டீர்கள்? தலைமையாசிரியருக்கு விஷயம் தெரிகிறது. தன் பையிலிருந்து பணத்தைக் கட்டுகிறார். மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் அவனை மேடைக்கு அழைத்து, பிறருக்கு உதவுவதன் பெருமையைப் பற்றி ஒரு பக்கம் பேசுகிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். பையன் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து ஊருக்குக் கையசைக்கிறான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவன் சொன்னது பொய் என்று அந்த நிமிடத்தில் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துபோகிறது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இதைவிட மானக்கேடு உண்டா? நீங்கள் அதைக் கருணை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவரை அவன் கதையாக இருந்தது அந்தப் பக்கத்தோடு தலைமையாசிரியர் கதையாகிவிட்டது.

நல்லவராக ஒரு பெரியவர் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாழ்க்கையில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கதையின் முடிச்சை அவர் வந்து அவிழ்த்தால், படிக்கும் பிள்ளைக்கு நீங்கள் கொடுப்பது ஒரு காத்திருப்பு மட்டும்தான். தன் பள்ளியில் அப்படி ஒருவர் இல்லையே என்று அது புத்தகத்தை மூடிவைக்கும். உங்கள் பையன் தன் கைக்கு எட்டுகிற அளவில் எதையாவது செய்ய வேண்டும். சும்மா சொல்லிவைத்த பொய்யைக் கடைசி வரை காப்பாற்றுவதுகூட ஒரு செயல்தான்.

சுற்றுலா நாளன்று பள்ளியில் மிச்சமிருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஏழாம் வகுப்பில் எட்டுப் பேரோ பத்துப் பேரோ வருவார்கள். அவர்களை ஆறாம் வகுப்போடு சேர்த்து உட்கார வைப்பார்கள். பாடம் நடக்காது. மதியம் சத்துணவு வரிசையில் கூட்டம் இருக்காது. ஒருத்தி பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருப்பாள். ஒருத்தியை வீட்டில் விடவில்லை. ஒருவன் மகாபலிபுரம் ஏற்கெனவே பார்த்தாயிற்று என்பான். எப்போது போனாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்தவர் சொல்லும் காரணத்தை யாரும் நம்புவதுமில்லை, கிளறுவதுமில்லை. அந்த நாளை எழுதுங்கள் தம்பி. மறுநாள் மற்றவர்கள் சாவிக்கொத்தும் சங்குமாலையுமாக வந்து, பஸ்ஸில் யார் யார் வாந்தி எடுத்தார்கள் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லும்போது உங்கள் பையன் முகம் எப்படி இருக்கும் என்று எழுதுங்கள்.

கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ படித்திருப்பீர்கள். இன்னொருமுறை எடுத்துப் படியுங்கள், இந்தத் தடவை எழுதுகிறவனின் கண்ணோடு. யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் போட்டி போடுவதில் அந்தக் கதை பிடிகொள்கிறது. உடம்பெல்லாம் சிரங்கோடு வந்து சேரும் அநாதைப் பையன் ராஜாவைத் தாயம்மாள் தீபாவளிக்குக் குளிப்பாட்டி, வீட்டில் இருந்ததில் ஒன்றை உடுத்தக் கொடுக்கிறாள். அவளுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்க அழகிரிசாமி யாரையும் அனுப்பவில்லை. கடைசியில் பணக்கார வீட்டுப் பையன் தங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாகப் பெருமையடிக்க, எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று தாயம்மாளின் மகள் மங்கம்மாள் பதில் சொல்கிறாள். போட்டியில் தான் ஜெயித்துவிட்டதாகத்தான் அந்தச் சிறுமி நினைக்கிறாள். அவளைத் திருத்த ஆசிரியர் குறுக்கே வரவில்லை. இவ்வளவுக்கும் அது பெரியவர்களுக்காக எழுதப்பட்ட கதை. பெரியவர்களை நம்பி விட்ட இடத்தை, சிறார் கதை எழுதும்போது மட்டும் நாம் ஏன் விளக்கவுரை போட்டு அடைக்கிறோம்?

காரணம் தெரியாததல்ல. நம் சிறார் எழுத்தாளர்களில் பலர் ஆசிரியர்கள். புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவது அப்பாவும் பள்ளி நூலகமும். இதில் என்ன கருத்து இருக்கிறது என்றுதான் அவர்கள் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகவே கடைசிப் பக்கங்கள் எழுதப்படுகின்றன.

சோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ லட்சக்கணக்கில் கைமாறிய குறுநாவல். கேள்வி கேட்ட ஒரு மாணவியின் மரணத்தை ஓர் ஆசிரியை சொல்வதாக அமைந்தது. அதன் குற்றவுணர்வு முழுக்க ஆசிரியையுடையது. அதனால் அதை ஆசிரியர்களுக்கான கதை என்றுதான் நான் வைத்திருக்கிறேன். ஆசிரியப் பயிற்சியில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். பிள்ளைக்கு எழுதும்போது சாவு வரலாம், பிரிவு வரலாம். ஆனால் மறுநாள் காலையில் எழுந்து பல் தேய்க்கும் ஒரு பிள்ளையாவது கதைக்குள் மிச்சம் இருக்க வேண்டும்.

நடப்பு என்றால் பொம்மை பேசக் கூடாது என்றும் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020-க்கான பால சாகித்திய புரஸ்கார் வாங்கிய நாவல். பொருள், பிள்ளைகள் மீதான பாலியல் சீண்டல். அதில் மரப்பாச்சி பேசுகிறது. யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றைச் சுமக்கும் பிள்ளைக்குப் பேச்சுத்துணையாக ஒரு பொம்மை வாய்ப்பதைவிட நிஜமானது என்ன இருக்கிறது?

நம் சிறார் கதைகள் தொடத் தயங்குவது சாதியை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு பள்ளி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொல்லி 2024-இல் அறிக்கை கொடுத்தது. எந்தக் கயிறு எந்தத் தெருவுக்கு என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நம் கதைகளிலோ கைகள் வெறுமையாக இருக்கின்றன, எல்லோரும் சேர்ந்து மரம் நடுகிறார்கள். ஒற்றுமையைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுத வேண்டாம். ஒரு மாணவன் கயிற்றைக் கழற்றிப் பைக்குள் போடும் இடம் எது, மறுபடி கட்டும் இடம் எது என்று மட்டும் சரியாகப் பார்த்து எழுதுங்கள்.

மொழி விஷயத்தில் உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உரையாடல் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு வட்டார வழக்கை உச்சரிப்பு மாறாமல் எழுதிக் கொடுத்தால் திணறும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. பக்கத்து அரசுப் பள்ளியில் கேட்டு வாங்கிப் பாருங்கள். வரி எங்கே முறிகிறது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று, கணக்கு. 350 ரூபாய் என்று எழுதியவர், அப்பாவின் தினக்கூலி எவ்வளவு என்று எழுதவில்லை. பையனுக்கு அது தெரிந்திருக்கும். கஷ்டப்படும் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாடகையும் வட்டியும் மனப்பாடம்.

தலைமையாசிரியரை எடுத்துவிடுங்கள். கைதட்டலை எடுத்துவிடுங்கள். பையனைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு, சுற்றுலா பஸ் கிளம்பிய பிறகு வரும் அந்த ஒரு நாளை எழுதி அனுப்புங்கள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரை உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். கதை எப்படி என்று கேட்க வேண்டாம், எந்த இடத்தில் அவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள் என்று குறித்துக்கொண்டு அந்த இடங்களை வெட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா