பழைய துவக்கும் வலுக்கூடிய தோட்டாவும்

நெல் வயலையும் மரக்கறித் தோட்டத்தையும் காட்டுப்பன்றியிலிருந்து காக்கும் பொருட்டுக் கமக்காரர் பலர் அனுமதிப்பத்திரம் பெற்றுத் துவக்கு வைத்திருக்கின்றனர். பழைய 12 ஆம் இலக்கத் துவக்குகளுட் பல, 2½ அங்குலத் (65 மில்லிமீற்றர்) தோட்டாவுக்கெனச் செய்யப்பட்டவை. அவற்றில் 2¾ அங்குலத் (70 மில்லிமீற்றர்) தோட்டாவை இடுதல் ஆபத்தாகும்.

தோட்டாவின் நீளம், சுட்டபின் அதன் வாய் விரிந்த நிலையில் அளக்கப்படுவது. வாய் மடிக்கப்பட்ட புதிய தோட்டா அதனிலும் குறுகியது. ஆகவே நீளமான தோட்டாவும் குறுகிய அறையினுள் இலகுவாக நுழைந்துவிடும். சுடும்போதோ, மடிப்பு முழுதும் விரிய இடமின்றி, அறைக்கு அப்பால் ஒடுங்கும் பகுதியில் நெருக்குண்டு சன்னங்களின் வழியை மறிக்கும். இத்தோட்டாக்களில் மருந்தும் சன்னமும் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். இதனால் வாயுவின் அமுக்கம் உயர்ந்து குழல் பிளக்கக்கூடும். அவ்வேளை ஊறுபடுவன, குழலைத் தாங்கிய கையும் குறிபார்த்த கண்ணுமே.

அறையைக் கடைந்து நீட்டினால் ஆபத்து நீங்கும் என எண்ணுதல் தவறு. அமுக்கம் மிகுந்த இடத்திலேயே குழலின் சுவர் மெலிந்துவிடும். இங்கிலாந்தில் 1868 ஆம் ஆண்டுச் சட்டப்படி, வலுக்குறையுமாறு மாற்றப்பட்ட குழலை மீண்டும் சோதித்து முத்திரையிடாமல் விற்றலாகாது.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. குழலின் அடிப்பக்கத்திற் பொறிக்கப்பட்ட அளவையும் தோட்டாப் பெட்டியிலுள்ள அளவையும் ஒப்பிடுக.
2. அளவு தெரியாவிடின், தகுதிவாய்ந்த துவக்குத் திருத்துநர் அளந்து கூறும்வரை சுடலாகாது.
3. துருவரித்த அல்லது வெடிப்புள்ள குழலை உபயோகிக்கலாகாது.

ஒரு போக விளைச்சலை இழந்தவர் மறுபோகத்தில் அதனைப் பெறலாம். இழந்த கையைப் பெறல் இயலாது.