முயலுக்குச் சொறி: ஒரு ஊசியோடு நிறுத்தாதீங்க!



மார்கழி, தை மாதத்தில் நம்ம ஜவ்வாது மலைக் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முயல் வளர்ப்பவர்கள் இந்த நாட்களில் ஒரு வியாதியை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அதுதான் சொறி. குழுவில் கடன் வாங்கி ஏழெட்டு முயல் வைத்திருக்கும் வீட்டில் சொறி புகுந்தால் முயல் இளைக்கும். குட்டிகள் தேறாது. வியாபாரியும் தொட மாட்டார். கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கும். ஆனால் இது தீராத வியாதி இல்லை. புரிந்துகொண்டு செய்தால் குணமாகும்.

சொறி எதனால் வருகிறது?

திருஷ்டியாலோ, தீவனச் சூட்டாலோ வருவதில்லை. எட்டுக் கால் உள்ள மிகச் சிறிய சொறிப்பூச்சிதான் காரணம். முக்கியமாக இரண்டு வகை உண்டு.

1. தோல் சொறி: இந்தப் பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும். மூக்கு நுனி, உதடு, காது ஓரம், கால் விரல், நகத்தைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குத் தட்டும்.

2. காது சொறி: இது தோலைத் தோண்டாது. காதுக்குள் மேலாக இருந்தே கடிக்கும். பழுப்பு நிறப் பொருக்கு அடுக்கடுக்காகச் சேரும். முயல் தலையை உதறும், காதைப் பிறாண்டும். கவனிக்காமல் விட்டால் புண் உள்காது வரை போய், தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடலாம்.

சொறிதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"மூக்குல கூண்டுக் கம்பி குத்திடுச்சுங்க" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். கம்பி குத்திய காயம் ஒரே இடத்தில் இருக்கும், ஆறிவிடும். சொறி அரிக்கும், பரவும், பக்கத்து முயலுக்கும் ஒட்டும். இவற்றையும் பிரித்துப் பாருங்கள்:

* சினை முயல் குட்டி போடும் முன் மார்பு, வயிற்று முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும். அது சொறி இல்லை.
* வட்ட வட்டமாக முடி கொட்டினால் படர்தாமரையாக இருக்கலாம்.
* பின்னங்கால் அடியில் மட்டும் புண் என்றால் கம்பித் தரை உறுத்தியிருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பொருக்கின் ஓரத்தில் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். தோலுக்குள் ஒளிந்திருக்கும் பூச்சி ஒரே தடவையில் அகப்படாமலும் போகலாம். காதுப் பொருக்கைக் கறுப்புத் தாளில் உதிர்த்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் ஊர்வது நம் கண்ணுக்கே தெரியக்கூடும்.

ஒரு ஊசி ஏன் போதாது?

பொதுவாக ஐவர்மெக்டின் ஊசி போடுவார்கள். ஜப்பான் நாட்டு மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்து இது. இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மருந்து பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முதல் ஊசிக்கே பொருக்கு உதிர்ந்து முயல் தெளிவாகிவிடும். "சரியாப் போச்சு" என்று நாம் நிறுத்திவிடுவோம். மிச்சமுள்ள முட்டை பொரித்து, இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை முட்டையிடத் தயாராகிவிடும். அதனால்தான் 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று தடவை ஊசி போட வேண்டும்.

மருந்தின் அளவும் மிகச் சிறியது. 1 சதவீத மருந்தில் 2 கிலோ முயலுக்கு 0.04 முதல் 0.08 மில்லி வரைதான் வரும். ஆட்டுக்குப் போடும் கணக்கில் நாமே போடக் கூடாது. எடை பார்த்து மருத்துவரே போடட்டும். சினையாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசி போட்ட முயலை எத்தனை நாள் கழித்து இறைச்சிக்கு விற்கலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

* சொறி வந்த முயலைத் தனிக் கூண்டில் வையுங்கள். அதற்குக் கடைசியாகத் தீவனம் வைத்துக் கை கழுவுங்கள்.
* சொறி தெரியாத முயல்களுக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் சிகிச்சை கொடுக்கச் சொல்லுங்கள்.
* குளிரிலும் ஈரத்திலும் பூச்சி கூண்டிலேயே பல நாள் உயிரோடு இருக்கும். கூண்டைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வையுங்கள். இரும்புக் கூண்டானால் முயலை வெளியே எடுத்துவிட்டுத் தீயில் வாட்டலாம்.
* புதிதாக வாங்கிய முயலை மூன்று வாரம் தனியாக வைத்துப் பாருங்கள்.

செய்யக் கூடாதவை

* கழிவு ஆயில், மண்ணெண்ணெய் தடவாதீர்கள். முயல் உடம்பை நக்கும், விஷமாகிவிடும்.
* நாய் உண்ணிக்கு ஊற்றும் பிப்ரோனில் மருந்து முயலுக்கு ஆபத்து.
* காதுப் பொருக்கைப் பிய்க்காதீர்கள். ரொம்ப வலிக்கும். மருந்து வேலை செய்ததும் தானே உதிரும்.

தோல் சொறி உள்ள முயலைத் தூக்கினால் நம் கையிலும் அரிப்பு வரலாம். பிள்ளைகளைத் தூக்க விடாதீர்கள். அரிப்பு நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்: நம் குழுவில் முயல் வைத்திருப்பவர்கள் யார் யார்? இரண்டாவது ஊசிக்கு மலைப் பாதையில் இறங்கி ஏறணுமே என்று யாராவது விட்டிருக்கிறார்களா? எல்லோருக்கும் ஒரே நாள் குறித்து, மருத்துவரை ஊருக்கே வரச் சொல்லிக் கேட்கலாமா? அடுத்த ஊசித் தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். தவணைத் தேதி போல அதுவும் தவறக் கூடாத தேதிதான்.