பிள்ளைகளைக் காப்பவர்களைக் காண்பவர் யார்?

பாடப்பகுதி: 1 சாமுவேல் 2:11 முதல் 3:18 வரை



ஆதரவற்ற பிள்ளைகள் இல்லம் ஒன்றுக்கு உதவ விரும்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. ஒரு நாள் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும்? எத்தனை பாய், எத்தனை ஜோடி துணி வேண்டும்? கட்டடத்துக்குத் தளம் போட இன்னும் எவ்வளவு குறைகிறது? இவை நல்ல கேள்விகள். ஆனால் அநேகமாக யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளைகளோடு இரவில் தங்குகிற வார்டன் யார்? அவருடைய வேலையை யார் பார்க்கிறார்கள்?

இந்த மாதப் பாடத்தில் அந்தக் கேள்வியைத் தியானிப்போம். நம் தஞ்சாவூரிலேயே நடந்த ஒரு சரித்திரம் அதற்கு வழி காட்டுகிறது.

1. அரண்மனையில் ஒரு பிள்ளை

தஞ்சை மன்னர் துளஜா 1787ஆம் ஆண்டு மரணத் தறுவாயில் இருந்தார். பத்து வயதளவில் இருந்த சரபோஜி என்ற சிறுவனைத் தத்தெடுத்து, அவனுக்குப் பாதுகாவலராக இருக்கும்படி மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரை வேண்டிக்கொண்டார். ஐயர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. மாதத்தில் ஓரிரு முறைதான் பிள்ளையைப் பார்க்க முடியும், மற்ற நாட்களில் அவன் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்பதே அவருடைய தயக்கம். ஆகவே மன்னரின் சகோதரர் அமர்சிங்கிடம் பிள்ளை ஒப்படைக்கப்பட்டான்.

அமர்சிங்கோ அரசுரிமைக்குப் போட்டியாளர். பிள்ளை நன்றாக வளர்ந்தால் அவருக்கு நஷ்டம். தத்து செல்லாது என்று பண்டிதர்கள் தீர்ப்புச் சொல்ல, அமர்சிங் சிங்காசனம் ஏறினார். சரபோஜி வெளியே விடப்படாமல் அடைத்து வைக்கப்பட்டான். கல்வியும் கிடைக்கவில்லை. அரண்மனையில் அரிசிக்கோ துணிக்கோ குறைவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை வாடினான்.

சுவார்ட்ஸ் ஐயர் சும்மா இருக்கவில்லை. பிள்ளையின் நிலையைச் சென்னையிலிருந்த கம்பெனி அரசாங்கத்துக்குத் தெரிவித்தார். கடைசியில், 1793இல் சரபோஜியும் காலஞ்சென்ற மன்னரின் விதவைகளும் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே கெரிக்கே ஐயரிடம் அவன் கல்வி கற்றான். 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் ஐயர் மரித்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் சரபோஜி தஞ்சை மன்னரானார். சிவகங்கைக் கோட்டைக்குள் இருக்கும் சுவார்ட்ஸ் ஆலயத்துக்குப் போனால், ஐயரின் மரணப் படுக்கையருகே மன்னர் நிற்பதைக் காட்டும் சலவைக்கல் சிற்பத்தை இன்றும் பார்க்கலாம். பிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பி செதுக்கியது. அதைச் செய்வித்தவர் சரபோஜி மன்னரே.

இந்தச் சரித்திரத்தில் நமக்கு மூன்று பாடங்கள். முதலாவது, பிள்ளையைப் பராமரிக்கும் பொறுப்பு எவர் கையிலும் தனியாக விடப்படலாகாது. அவர் உறவினராக இருந்தாலும் சரி. இரண்டாவது, எப்போதாவது வந்து பார்ப்பது கண்காணிப்பு ஆகாது. மூன்றாவது, பார்த்தவருக்குக் கேடு தெரிந்தால், அதைத் தடுக்க அதிகாரம் உள்ளவரிடம் போய்ச் சொல்லும் துணிவு வேண்டும். ஐயருக்கு அந்தத் துணிவு இருந்ததால் ஒரு பிள்ளை பிழைத்தான்.

அந்தப் பிள்ளை தான் பட்டதை மறக்கவில்லை என்றே எண்ணுகிறேன். 1801இல் கம்பெனி ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் தம் நாட்டுச் சத்திரங்களைப் பற்றி சரபோஜி விவரிக்கிறார். அங்கே விடப்படும் அநாதைப் பிள்ளைகள் பள்ளி ஆசிரியரின் பொறுப்பில் வைக்கப்படுகிறார்கள். மூன்று வேளை உணவு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய், நோய் கண்டால் மருந்து, உடுக்கத் துணி, விரும்பிய கல்வி எல்லாம் உண்டு. கவனியுங்கள்: பிள்ளைகள் சத்திரத்தின் பொறுப்பில் என்று பொதுவாக விடப்படவில்லை. இன்னார் பொறுப்பு என்று ஒரு மனிதர் குறிக்கப்பட்டிருக்கிறார்.

2. சீலோவில் ஒரு பிள்ளை

நாம் வாசித்த வேதபகுதியிலும் பெற்றோரை விட்டு வந்து தங்கி வளர்ந்த ஒரு பிள்ளையைக் காண்கிறோம். அன்னாள் தன் மகன் சாமுவேலைச் சீலோவில் ஆசாரியனாகிய ஏலியிடம் விட்டாள். வருஷந்தோறும் அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு வந்தாள். சட்டை தைக்கிற தாய்க்குப் பிள்ளை எவ்வளவு வளர்ந்தான் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அவள் அளவெடுத்துப் பார்த்தாள்.

ஏலி கெட்டவன் அல்ல. இரவில் பிள்ளை மூன்று முறை எழுந்து வந்து நின்றபோதும் அவன் எரிந்து விழவில்லை. மெதுவாகப் பேசித் திரும்ப அனுப்பினான். விடுதியில் இரவுப் பணி செய்தவர்களுக்கு இந்தப் பொறுமையின் அருமை தெரியும். ஆனால் அவன் கீழே வேலை செய்த ஓப்னியும் பினெகாஸும் காணிக்கையில் கைவைத்தார்கள். அங்கே வேலை செய்த ஸ்திரீகளிடமும் தகாதபடி நடந்தார்கள். ஏலிக்கு அது ஜனங்கள் சொல்லித் தெரிய வந்தது. அவன் புத்தி சொன்னான். அவ்வளவுதான். வேலையை விட்டு நிறுத்தவில்லை. கர்த்தர் அவன்மேல் வைத்த குற்றமும் அதுவே: தெரிந்திருந்தும் அடக்கவில்லை (3:13).

நல்ல மனிதர் ஒருவர் தலைமையில் இருப்பதே போதும் என்று நாம் எண்ணுகிறோம். சீலோ அது போதாது என்று காட்டுகிறது. புத்திமதி சொல்லுவது கண்காணிப்பின் தொடக்கம். பிள்ளையை ஆபத்திலிருந்து விலக்குவதே அதன் முடிவு.

ஏலியிடம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு நன்மையும் உண்டு. தனக்கு விரோதமான செய்தியைச் சொல்லப் பிள்ளை பயந்தபோது, ஒன்றையும் மறைக்காமல் சொல் என்று ஏலியே கேட்டான். கேட்டபின் பிள்ளையைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. இல்லத் தலைவர் ஒருவரிடம் இதைவிடப் பெரிய குணம் எதைத் தேட முடியும்?

3. சட்டம் போட்டிருக்கும் வேலி

தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் பிள்ளைகள் துன்புறுத்தப்படுவதாக 2007இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு முறையீடு போனது. அந்த வழக்கில் 2017 மே 5ஆம் தேதி தீர்ப்பு வந்தது. எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் பதிவைக் கட்டாயமாக்குகிறது. ஊழியமாக நடத்தப்படும் இல்லங்களுக்கு இதில் விதிவிலக்கு இல்லை, இருக்கவும் கூடாது.

அந்தச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகளில் ஒரு சிறிய ஏற்பாடு என் மனதை மிகவும் தொட்டது. ஒவ்வொரு இல்லத்திலும் பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டி இருக்க வேண்டும். அது அலுவலகத்தை விட்டுத் தள்ளி, பிள்ளைகள் தங்கும் அறைகளுக்கு அருகே இருக்க வேண்டும். அதன் சாவி வார்டனிடம் இருக்கலாகாது. மேலாண்மைக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும். வாரந்தோறும் பிள்ளைகளின் பிரதிநிதிகள் முன்னிலையில் அதைத் திறக்க வேண்டும். சாவி யார் கையில் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இன்னும் கண்டிப்பானது. பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தம் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் அவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஊழியத்துக்குக் கெட்ட பெயர் வரும், கமிட்டி கூடட்டும், ஜெபித்து முடிவு செய்வோம் என்று தாமதிக்க இடமில்லை. ஜெபிப்போம்; ஆனால் புகாரைக் கொடுத்துவிட்டு ஜெபிப்போம்.

4. கண்காணிப்பு ஊழியருக்கும் பராமரிப்பே

மேற்பார்வை என்றவுடன், கம்போடு நிற்கும் கங்காணியை நினைத்துக்கொள்ளுகிறோம். டெல்டா விவசாயியை நினைத்துக்கொள்வது நல்லது. நடவு முடிந்தபின் அவர் காலையில் மண்வெட்டியோடு வரப்பில் நடக்கிறார். நண்டு வளை ஒன்று இருந்தால் அதன் வழியாக இரவோடு இரவாக வயல் நீர் வடிந்துவிடும். வளையைக் கண்ட இடத்திலேயே மண்ணைப் போட்டு அடைக்கிறார். வரப்பின்மேல் அவருக்குக் கோபமில்லை. பயிரின்மேல் கவலை இருக்கிறது.

இல்லங்களில் வளை விழும் இடங்கள் எவை? பெரும்பாலும் களைப்புள்ள இடங்கள். அதே 2016 விதிகள் நூறு பிள்ளைகளுக்கு நான்கு இல்லத்தாய் அல்லது இல்லத்தந்தையரையும் இரண்டு மனநல ஆலோசகர்களையும் குறிப்பிடுகின்றன. விடுப்பு, இரவுப் பணி, நோய் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், ஒரு இரவில் ஐம்பது பிள்ளைகளுக்கு ஒருவர் மிஞ்சுவதே அரிது. அதிலும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் குழந்தைகள் அல்ல. எதிர்த்துப் பேசுவார்கள், சுவரேறிப் போவார்கள், அழவேண்டிய இடத்தில் சிரிப்பார்கள். வீட்டில் அடிபட்டு வந்த பிள்ளை, இங்கேயும் அடிப்பார்களா என்று சோதித்தே பார்ப்பான். இவர்களை மேய்க்க இருபத்திரண்டு வயது வாலிபரை, பயிற்சி இல்லாமல், தனியாக வைத்தால், ஒரு நாள் கை ஓங்கத்தான் செய்யும். அப்போது அவரைக் குற்றம் சாட்டுவது எளிது. அதற்கு முந்திய ஆறு மாதம் அவரை உட்காரவைத்து எப்படியிருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டார்களா?

ஆகவே நல்ல மேற்பார்வைக்குச் சில எளிய ஒழுங்குகள் வேண்டும்.

அ. வேலைக்கு எடுக்கும்முன் விசாரிக்க வேண்டும். முன்பு வேலை செய்த இடத்தில் கேளாமல், சபைப் போதகரின் கடிதத்தை மாத்திரம் நம்பி எடுக்கலாகாது. இதை எழுதுகிற நானும் ஒரு போதகன்தான்.

ஆ. பிள்ளையோடு மூடிய கதவுக்குள் பெரியவர் ஒருவர் தனியாக இருக்கலாகாது. இது சந்தேகத்தினால் அல்ல. பிள்ளைக்கும் ஊழியருக்கும் இதுவே பாதுகாப்பு.

இ. இரவில் நடந்தது காலையில் குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும். மேற்பார்வையாளர் அதை அன்றே வாசித்துக் கையெழுத்திட வேண்டும். வாரக் கடைசியில் சேர்த்து எழுதிய குறிப்பேடு எல்லா நாளும் ஒரே மையில் இருக்கும், கண்டுபிடிப்பது கடினமல்ல.

ஈ. மாதத்தில் ஒரு முறையாவது ஒவ்வொரு ஊழியரையும் தனியே சந்திக்க வேண்டும். எந்தப் பிள்ளை உங்களுக்கு அதிகக் கோபமூட்டுகிறான் என்று கேட்க வேண்டும். உண்மையான பதில் வந்தால் அந்த ஊழியர் காப்பாற்றப்பட்டார், பிள்ளையும் காப்பாற்றப்பட்டான்.

உ. சொல்லாமல் வந்து பார்க்க வேண்டும். சாப்பாட்டு நேரத்திலும், விளக்கணைக்கும் நேரத்திலும். பிள்ளைகளிடம் ஊழியர் இல்லாத இடத்தில் பேச வேண்டும்.

ஊ. ஊழியருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்மையாகவே கிடைக்க வேண்டும்.

மருத்துவமனைப் போதகராக வார்டுகளில் விடுதிப் பிள்ளைகளைச் சந்திப்பதுண்டு. ஓர் இல்லத்தை அறிய அதன் கட்டடத்தைப் பார்க்கத் தேவையில்லை. பிள்ளையோடு வந்திருக்கும் ஊழியரைப் பார்த்தால் போதும். அவன் கடைசியாக எப்போது சாப்பிட்டான், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, ஊசிக்குப் பயப்படுவானா என்று அவருக்குத் தெரிந்திருந்தால், அந்த இல்லத்தில் அவருக்கும் மேலே ஒருவர் கவனமாக இருக்கிறார் என்று நம்பலாம்.

5. கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை

2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி நாகப்பட்டினக் கரையை அடித்தபின், தேசமெங்கும் இருந்து உதவி வந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அரசே நாகப்பட்டினத்தில் ஓர் இல்லத்தைத் திறந்தது. அப்போது கற்றது இதுதான்: பணம் இருந்தால் கட்டடத்தை ஓராண்டில் எழுப்பலாம், ஒரு நல்ல இல்லத்தாயை ஓராண்டில் உண்டாக்க முடியாது. அவருக்குச் சம்பளம் வேண்டும், பயிற்சி வேண்டும், மாற்று ஆள் வேண்டும், சொல்லியழ ஒருவர் வேண்டும். இவற்றுக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. சம்பளச் செலவு அதிகம் என்று கணக்கைப் பார்த்து முகம் சுளிக்கும் நண்பர்களுக்குத் தாழ்மையாகச் சொல்லுகிறேன்: அந்தச் செலவே பிள்ளைகளின் வேலி.

நீங்கள் தாங்கும் எந்த இல்லமானாலும், அடுத்த முறை காணிக்கை அனுப்பும்போது நான்கு கேள்விகளையும் சேர்த்து அனுப்புங்கள். பதிவு நடப்பில் உள்ளதா? இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்? புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம்? ஊழியர்களை மாதந்தோறும் தனியே சந்திப்பவர் யார்? நல்ல இல்லங்கள் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் எழுதும்.

சிந்திக்க:
1. எஸ்தர் 2:11ஐ வாசியுங்கள். அநாதையான எஸ்தர் அரமனையில் இருந்தபோது, மொர்தெகாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை விசாரித்தான்?
2. ஏலி தன் குமாரர் விஷயத்தில் செய்தது என்ன? செய்யாமல் விட்டது என்ன?
3. நமது சபையிலோ ஞாயிறு பள்ளியிலோ பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களை யார் கவனிக்கிறார்கள்?

ஜெபிப்போம்: இன்றிரவு தமிழ்நாட்டு விடுதிகளில் விழித்திருக்கும் இல்லத்தாய்மாருக்காகவும் வார்டன்களுக்காகவும், அவர்களைத் தாங்கவும் திருத்தவும் பொறுப்புள்ளவர்களுக்காகவும், சொல்லப் பயந்து படுத்திருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்காகவும். அப்படி ஒரு பிள்ளையை நீங்கள் அறிந்தால், 1098 என்ற எண்ணை அழையுங்கள்.