ஊசிமுனையில் ஒரு கணக்கு



கணக்கு வகுப்பு என்றால் தலைவலி. தையல் வகுப்பு என்றால் உற்சாகம். நம்மில் பலருக்கு இதுதான் வழக்கம். நானும் அப்படி இருந்தவளே. இரண்டும் ஒன்றுக்கொன்று உறவு என்பதை ஒரு சிறிய விரிப்பு எனக்குக் கற்றுத் தந்தது.

பூத்தையல் நம் புதுவைக்குப் புதிதன்று. 1827-ஆம் ஆண்டு இங்கு வந்த குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் ரோமன் ரோலண்ட் வீதியில் நடத்தும் பூத்தையல் நிலையத்தில், நம் ஊர்ப் பெண்களின் கைவேலையைக் காணலாம். பூத்தையல் வகைகளுள் கணக்கோடு மிக நெருங்கியது குறுக்குத் தையல். துணியின் ஒவ்வொரு கட்டத்திலும் பெருக்கல் குறி போல ஒரு தையல். அந்தத் துணியே ஒரு வரைபடத்தாள்தான்!

பாட்டியின் பிறந்தநாளுக்கு ஒரு விரிப்புத் தைக்க விரும்பினேன். நீளம் 112 கட்டம், அகலம் 84 கட்டம். துணியில் அங்குலத்துக்கு 14 கட்டம். ஆகவே 112 ÷ 14 = 8 அங்குலம்; 84 ÷ 14 = 6 அங்குலம். இதையே அங்குலத்துக்கு 11 கட்டமுள்ள துணியில் தைத்தால் நீளம் 10 அங்குலத்தைத் தாண்டிவிடும். எனவே துணியை வெட்டுமுன் அளவுகோலை வைத்துக் கட்டங்களை எண்ணுவதே முதல் பாடம்.

அதுவரை சரியாகச் செய்தேன். பிறகு அவசரப்பட்டேன். ஓரத்துக்கு 12 கட்டம் கொண்ட பூவைத் தேர்ந்து அகலத்தில் தொடங்கினேன். 84-இல் ஏழு பூக்கள் அச்சாக அமைந்தன. நீளப் பக்கத்திலோ ஒன்பது பூக்கள் தைத்தபின் 4 கட்டம் மிஞ்சியது. மூலையில் பூ முழுமையாக வரவில்லை. பிறந்தநாளுக்கு எட்டே நாள்!

அழுகையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பாட்டியே பார்த்துவிட்டார். அவர் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். துணியை விரலால் தடவி எண்ணிவிட்டு, "புள்ளியை எண்ணாம கோலம் போடுவியா கண்ணு? இதுவும் அப்படித்தான்" என்றார்.

அன்றிரவு கணக்கு நோட்டை எடுத்தேன். 112, 84 ஆகியவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 28. 28-ஐ மீதியின்றி வகுக்கும் 4, 7, 14 ஆகிய எந்த அளவுள்ள பூவும் இருபக்கமும் பொருந்தும். என் பழைய பூவின் இருபுறமும் ஒவ்வொரு கட்டம் இடைவெளி விட்டேன். 12 என்பது 14 ஆயிற்று. நீளத்தில் 8 பூ, அகலத்தில் 6 பூ. மொத்தம் 28 என்று எண்ணிவிடாதீர்கள்! மூலைப் பூ நான்கும் இரு பக்கங்களுக்கும் பொது. ஆகவே 24 பூக்களே.

நூலுக்கும் கணக்குண்டு. ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 1.8 மில்லிமீட்டர். பித்தகோரஸ் தேற்றப்படி மூலைவிட்டம் சுமார் 2.6. வரிசையாகத் தைக்கும்போது ஒரு தையலுக்கு மேலே இரு மூலைவிட்டம், அடியில் இரு பக்கம்; ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். 8 மீட்டர் நீளமுள்ள ஆறிழைக் கண்டை இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் 24 மீட்டர் கிடைக்கும். அதில் சுமார் 2,600 தையல் போடலாம். நுனியில் வீணாவதைக் கழித்து 2,000 என்று வைத்துக்கொண்டால் பாதியில் நூல் தீராது.

இரண்டு மாலை பிரித்தேன். ஆறு நாளில் தைத்து முடித்தேன். பிறந்தநாளன்று பாட்டி முதலில் தொட்டுப் பார்த்தது மூலைகளைத்தான். "நாலும் சேர்ந்திருக்கு" என்று சிரித்தார்.

தோழியரே! பிரித்துத் தைப்பதைவிட எண்ணித் தைப்பது எளிது. அடுத்த முறை ஊசி எடுக்குமுன் பென்சிலை எடுங்கள்.