சங்கிலி போடுவது சட்டவிரோதம்: மனநலச் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமைகள்

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து தருவைகுளம், வேம்பார், சாயல்குடி என்று போனால் ஏர்வாடி வந்துவிடும். முத்துக்குளித்துறைக் கடற்கரைக் குடும்பங்களில் ஒருவருக்காவது அந்த ஊருக்குப் போய் வந்த அனுபவம் இருக்கும். "பிள்ளைக்கு மனசு சரியில்லைன்னு தர்காவுக்குக் கூட்டிட்டுப் போனோம், அண்ணாச்சி" என்று சாதி, மதம் பார்க்காமல் எல்லோரும் சொல்வார்கள். அந்த நம்பிக்கை பற்றி இந்தக் கட்டுரையில் எந்தக் கேள்வியும் இல்லை. தர்காவைச் சுற்றி ஒரு காலத்தில் நடந்த தனியார் காப்பகங்கள் பற்றித்தான் கேள்வி.

2001 ஆகஸ்டு 6 அதிகாலை. ஏர்வாடியில் ஓலைக் கொட்டகையில் நடந்த ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலானோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். தீ பரவியபோது அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 25 பேர் அங்கேயே கருகி இறந்தார்கள். பிறகு மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 28 பேர். ஒரே வாரத்தில் அங்கிருந்த இப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, எல்லா மாநிலங்களுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. காப்பகத்தை நடத்தியவர்களுக்கு 2007-ல் சிறைத் தண்டனை கிடைத்தது.

அப்போது சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 1987-ம் ஆண்டின் மனநலச் சட்டம் 1993-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. மனநல விடுதி நடத்த உரிமம் வேண்டும் என்று அதிலும் எழுதியிருந்தது. காகிதத்தில் இருந்தது கொட்டகை வாசல் வரை வரவில்லை, அவ்வளவுதான். இன்னொரு குறையும் உண்டு. நோயாளியை எப்படி உள்ளே சேர்ப்பது என்பதற்கே அந்தச் சட்டம் நிறைய பக்கம் ஒதுக்கியது. உள்ளே இருக்கும் மனிதர் தன் குறையை யாரிடம் சொல்வது என்பதற்கு நேரான பதில் அதில் கிடைக்கவில்லை.

அந்தப் பதிலைத் தருவது 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் எது உங்களுக்கு உடனே பயன்படுமோ அதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

உள்ளே போகும்போது சுவரைப் பாருங்கள்

உங்கள் வீட்டில் ஒருவரை ஒரு மனநல மையத்திலோ மறுவாழ்வு இல்லத்திலோ சேர்க்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் சரி, சித்த மருத்துவமனை என்று இருந்தாலும் சரி, மனநோய் உள்ளவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் என்றால் அது பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை ரூ.5,000 முதல் ரூ.50,000 வரை அபராதம். தொடர்ந்து செய்தால் ரூ.5 லட்சம் வரை போகும். உறவினரோடு சொந்த வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு இந்தப் பதிவு தேவையில்லை.

பதிவுச் சான்றிதழ் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அதே போல, மனநல மறுஆய்வு வாரியத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதி வைத்திருக்க வேண்டும். கைப்பேசியில் சான்றிதழையும் அந்த எண்ணையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகையை மட்டும் எடுங்கள், உள்ளே இருக்கும் நோயாளிகளை எடுக்காதீர்கள். அதற்கான காரணம் கீழே வருகிறது.

"சார், சான்றிதழ் ஆபீஸ் ரூம்ல இருக்கு, பிறகு காட்டுறோம்" என்று சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். நல்ல நிலையில் நடக்கும் இடத்துக்கு அதைக் காட்டுவதில் ஒரு சிரமமும் இருக்காது.

யார் கையெழுத்தில் சேர்க்கிறார்கள்?

இதுதான் குடும்பங்கள் அதிகம் குழம்பும் இடம். சம்மதத்தோடு தானாக வந்து சேரும் ஒருவர், "நான் வீட்டுக்குப் போறேன்" என்று சொன்னால் அனுப்பிவிட வேண்டும். ஆபத்து இருக்கிறது என்று மருத்துவர் நினைத்தால், பரிசோதிப்பதற்காக 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம். அதற்கு மேல் நிறுத்த வேண்டுமானால் வேறு வழியில் போக வேண்டும்.

தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலையில், அல்லது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளவே முடியாத நிலையில் இருக்கும் ஒருவரை அவருடைய சம்மதம் இல்லாமலும் சேர்க்கலாம். அதற்கு அவருடைய 'நியமனப் பிரதிநிதி' விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநலப் பணியாளர் அல்லது மருத்துவரும் தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் தடவை 30 நாள் வரைதான். இப்படிச் சேர்த்ததை மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். சேர்க்கப்பட்டவர் பெண்ணாகவோ சிறார் ஆகவோ இருந்தால் 3 நாளுக்குள். சொத்துத் தகராறில் ஒருவரை 'பைத்தியம்' என்று சொல்லி உள்ளே தள்ளிவிடும் பழைய கதையை இந்தப் படிகள் எல்லாம் சேர்ந்து கடினமாக்குகின்றன.

நியமனப் பிரதிநிதி என்பவர் யார்? நீங்கள் யாரை நம்புகிறீர்களோ அவர். கணவரோ அண்ணனோ ஆக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, சினேகிதியாகவும் இருக்கலாம். வெறும் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும். முத்திரைத்தாள் தேவையில்லை. எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கப்பலில் வேலைக்குப் போகிறவர்கள், மாதக்கணக்கில் குடும்பத்தை விட்டு இருப்பவர்கள் நலமாக இருக்கும்போதே இதை எழுதி வைத்துவிடலாம். எனக்குக் கேட்டால் இந்தச் சட்டத்தில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் நல்ல வசதி இதுதான். 'எனக்கு இந்தச் சிகிச்சை வேண்டும், இது வேண்டாம்' என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் 'முன்னுரிமை அறிவிப்பு' ஒன்றும் உண்டு. அதை வாரியத்தில் பதிந்து வைக்கலாம்.

உள்ளே இருப்பவருக்கு என்னென்ன?

எந்த வகையிலும், எந்த உருவத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது. சட்டத்தில் இப்படியே எழுதியிருக்கிறது. கயிறோ துணியோ என்றால் பரவாயில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரம் மட்டும் கட்டுப்படுத்தலாம். அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும், நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். தனி அறையில் பூட்டி வைப்பது அறவே கூடாது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின் அதிர்வுச் சிகிச்சை கொடுப்பதும் தடை.

நியாயமான நேரத்தில் கைப்பேசியில் பேசவும், மின்னஞ்சல் அனுப்பவும் அவருக்கு உரிமை உண்டு. "இங்க போன் எல்லாம் கொடுக்க மாட்டோம்" என்று எந்த இல்லமும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. வாரிய உறுப்பினர், வழக்கறிஞர், நியமனப் பிரதிநிதி ஆகியோரோடு பேசுவதைத் தடுக்கவே முடியாது. மருத்துவப் பதிவேட்டின் அடிப்படை விவரங்களையும் அவர் கேட்டு வாங்கலாம்.

இப்போது படம் எடுக்கும் விஷயம். பழைய பேருந்து நிலையம் பக்கமோ துறைமுகச் சாலையிலோ கந்தல் துணியோடு ஒருவர் தனக்குத் தானே பேசிக்கொண்டு நடந்தால் நம்மில் சிலர் உடனே வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறோம். சிகிச்சையில் இருக்கும் ஒருவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. டிஜிட்டல் வடிவில் இருக்கும் தகவலுக்கும் இந்த அந்தரங்க உரிமை பொருந்தும். அந்த மனிதர் குணமாகி உப்பளத்திலோ மீன் ஏலக் கூடத்திலோ வேலை கேட்டுப் போகும்போது, முதலாளியின் கைப்பேசியில் அந்த வீடியோ கிடக்கும். அவர் சிகிச்சையில் இருக்கிறாரா இல்லையா என்று பார்த்துத்தான் விட வேண்டும் என்பதில்லை, எடுக்காமலே இருந்துவிடலாம்.

வீடியோவுக்குப் பதிலாகக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். இப்படி அலைந்து திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பது நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து, குடும்பத்தைத் தேட வேண்டும். ஒருவரை வீட்டிலேயே யாராவது அடிக்கிறார்கள், கவனிக்காமல் போட்டிருக்கிறார்கள் என்று நம்ப இடம் இருந்தால், அதைக் காவல்துறைக்குச் சொல்வது பார்த்தவரின் கடமை என்றும் சட்டம் சொல்கிறது. "அது அவங்க வீட்டு விஷயம்லா" என்று ஒதுங்கிப் போக இங்கே இடம் இல்லை.

குறை இருந்தால் எங்கே போவது?

மனநல மறுஆய்வு வாரியம் ஒரு மாவட்டத்துக்கோ, சில மாவட்டங்கள் சேர்ந்தோ அமையும். மாவட்ட நீதிபதி நிலையிலுள்ளவர் தலைவர். ஆட்சியரின் பிரதிநிதி, ஒரு மனநல மருத்துவர், ஒரு மருத்துவர் ஆகியோரும் உண்டு. மீதி இரண்டு இடம் மனநோயை அனுபவித்தவர்கள், அவர்களைப் பராமரிப்பவர்கள், அவர்களுக்காக இயங்கும் அமைப்புகள் ஆகியோருக்கு. மற்ற குழுக்களில் பெரும்பாலும் காணாத ஏற்பாடு இது.

விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. நோயாளி தானே எழுதலாம், நியமனப் பிரதிநிதியும் எழுதலாம். சம்மதமில்லாமல் சேர்த்ததை எதிர்த்து விண்ணப்பித்தால் 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அந்தச் சேர்க்கை 30 நாளைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருந்தால் 21 நாள், மற்ற குறைகளுக்கு 90 நாள். விசாரணை பொது மக்கள் முன்னால் நடக்காது. முடிவில் திருப்தி இல்லாவிட்டால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். தூத்துக்குடிக்காரர்களுக்கு அது மதுரைக் கிளை. வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால், இலவசச் சட்ட உதவி பெறுவதும் உரிமை. 15100 என்ற எண்ணில் கேட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்கு வழி சொல்வார்கள்.

சிகிச்சையே எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற இந்தச் சேவை 2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுவதும் இயங்குகிறது. கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மீன்பிடித் தடைக்காலமான 61 நாளில் வருமானம் நின்று தூக்கம் போனவர், கடன் நெருக்கடியில் தவறான முடிவை நினைப்பவர் யாரும் பேசலாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் முதலில் கருதுகிறது. அவருக்கு வேண்டியது சிகிச்சையும் மறுவாழ்வும் என்கிறது. அதனால் "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் 108.

காப்பீடு எடுத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உடல் நோய்க்கு எப்படியோ அதே அடிப்படையில் மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்பது 2017 சட்டம். பாலிசியைப் புதுப்பிக்கும்போது விலக்குப் பட்டியலைத் திறந்து படியுங்கள். அங்கே மனநோய் மொத்தமாக விலக்கப்பட்டிருந்தால், ஏன் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.